பேராக் காடு இழந்த காண்டாமிருகம்

பேராக் மாநிலத்தில் ஒரு காலத்தில் இரண்டு வகைக் காண்டாமிருகங்கள் வாழ்ந்தன. ஒற்றைக் கொம்புள்ள ஜாவா காண்டாமிருகம் கடலோரச் சதுப்பிலும் ஆற்றோரத் தாழ்நிலத்திலும் திரிந்தது. இரட்டைக் கொம்பும் உடம்பெல்லாம் செம்பழுப்பு மயிரும் கொண்ட சுமத்திரா காண்டாமிருகம் மலைக்காடு வரைக்கும் பரவியிருந்தது. காண்டாமிருக வகைகள் ஐந்தில் உருவத்தில் சிறியது இதுதான். ஜாவா வகையின் கதை இங்கே சீக்கிரம் முடிந்தது. தீபகற்பத்தில் அறியப்பட்ட அதன் கடைசி விலங்கு 1932இல் தெலுக் அன்சன் பகுதியில், இன்றைய தெலுக் இந்தானுக்கு அருகே, அருங்காட்சியகச் சேகரிப்புக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டது. அரிதாகிவிட்டது என்பது தெரிந்தபோது அதைக் காப்பாற்றவேண்டும் என்று தோன்றாமல், பாடம் செய்து வைத்துக்கொள்ளவேண்டும் என்று தோன்றிய காலம் அது. சுமத்திரா வகை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. மலேசியக் காடுகளில் அதுவும் அற்றுப்போய்விட்டது என்று 2015இல் ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். 2019 நவம்பர் 23ஆம் நாள் சபா மாநிலத்துக் காப்பகத்தில் இமான் என்ற பெண் விலங்கு இறந்தபோது நாட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இன்று உலகில் எஞ்சியிருப்பவை ஐம்பதுக்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். அவை அத்தனையும் இந்தோனேசியாவில்தான் இருக்கின்றன.

ரப்பருக்காகக் காட்டை அழித்தார்கள், அதனால் காண்டாமிருகம் போய்விட்டது என்பதுதான் நம்மிடையே பொதுவாகக் கிடைக்கும் விடை. அதில் பாதி உண்மை இருக்கிறது. 1877இல் கோலகங்சாரில் சில கன்றுகளோடு தொடங்கிய ரப்பர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலை ஏறியபோது பேராக்கின் தாழ்நிலத்தை வேகமாகப் பிடித்துக்கொண்டது. சுங்கை சிப்புட்டிலிருந்து தாப்பா, பீடோர், சுங்காய், சிலிம் ரிவர் வரைக்கும் பால்மரம் நிரை நிரையாக நின்ற இடமெல்லாம் அதற்கு முன்பு காடுதான். அந்த நிலத்தைத் திருத்திக் கன்று நட்டு வளர்த்ததில் நம் முன்னோரின் உழைப்பும் கலந்திருக்கிறது. ஆணை அவர்களுடையதாக இல்லை, ஆதாயமும் அவர்களைச் சேரவில்லை. தாழ்நிலத்தையே நம்பியிருந்த ஜாவா காண்டாமிருகத்துக்கு அது தாங்கமுடியாத அடிதான். ஆனால் சுமத்திரா காண்டாமிருகம் மறைந்ததற்கு இந்த விளக்கம் போதாது. தாமான் நெகாராவை எடுத்துக்கொள்ளுங்கள். 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் காடு 1930களின் இறுதியிலிருந்தே பாதுகாக்கப்படுகிறது. அதன் உள்ளே ரப்பரும் நுழையவில்லை, செம்பனையும் நுழையவில்லை. அங்கேயும் காண்டாமிருகம் இல்லாமற்போனது. நம் மாநிலத்தின் வடகோடியில், கிரிக் நகருக்கு அப்பால் இருக்கும் ராயல் பெலும் 1,17,500 ஹெக்டேர் பரப்புடையது. 2007இல் மாநிலப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. யானையும் புலியும் தப்பிரும் அங்கே இன்னும் இருக்கின்றன. மலேசியாவில் காணப்படும் பத்து வகை இருவாச்சிகளும் பெலும்–தெமெங்கோர் காட்டில் பறக்கின்றன. காண்டாமிருகம் மட்டும் இல்லை. காடு நிற்கும்போதே விலங்கு போயிருக்கிறது என்றால், காட்டைத் தவிர வேறு எதையோ நாம் கணக்கில் எடுக்கத் தவறியிருக்கிறோம்.

கொம்புக்காக நடந்த வேட்டைதான் எண்ணிக்கையை முதலில் குறைத்தது. மனிதரின் நகத்தில் உள்ள அதே கெரட்டின்தான் கொம்பிலும் இருக்கிறது. ஆயினும் பாரம்பரிய மருந்துச் சந்தையில் அதற்கு இருந்த விலை வேட்டைக்காரரை எந்த மலைக்கும் ஏற்றியது. வேட்டையால் குறைந்த எல்லா விலங்கும் அழிந்துபோவதில்லை. கொஞ்ச காலம் நிம்மதி கிடைத்தால் பல இனங்கள் மீண்டுவிடும். சுமத்திரா காண்டாமிருகம் மீளாததற்குக் காரணம் அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது. இது தனியாகத் திரியும் விலங்கு. ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் மோப்பத்தால்தான். பெண்ணின் கருமுட்டை தானாக வெளிப்படுவதில்லை. ஆணோடு சேரும்போதுதான் வெளிப்படுகிறது. கரு 15 முதல் 16 மாதம் வயிற்றில் இருக்கும். ஒரு ஈற்றில் ஒரே குட்டி, அடுத்த குட்டிக்கு மூன்று ஆண்டாவது ஆகும். எல்லாவற்றையும்விட மோசமானது இன்னொன்று. பல ஆண்டுகள் கருவுறாமலே இருக்கும் பெண்ணின் கருப்பையில் நீர்க்கட்டிகளும் தசைக்கட்டிகளும் வளர்ந்து, பிறகு ஆண் கிடைத்தாலும் குட்டி தங்காத நிலை வந்துவிடுகிறது. சபாவில் கடைசியாகப் பிடிக்கப்பட்ட பெண் விலங்குகள் இரண்டுக்கும் இதே நோய் இருந்தது. ஆக, ஒரு பெரிய காட்டில் இருபது விலங்குகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால், கணக்கெடுப்பவர் இருபது என்று எழுதிக்கொள்வார். காடும் பசுமையாக இருக்கும், காலடித் தடமும் தென்படும். ஆனால் குட்டி பிறக்காது. இருபதும் ஒவ்வொன்றாக முதுமையடைந்து சாகும்வரை அந்த இனம் இருக்கிறது என்றே நாம் நம்பிக்கொண்டிருப்போம். தீபகற்பத்தில் நடந்தது ஏறக்குறைய இதுதான்.

தோட்டப்புறத்து வரலாறு தெரிந்தவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமாக இராது. 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் பெருந்தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றார்கள். துண்டாடலால் பால்மரங்களின் எண்ணிக்கை உடனே குறைந்துவிடவில்லை. ஆனால் பள்ளியும் மருந்தகமும் கோயிலும் லயமும் சேர்ந்து இயங்கிய தோட்டம் என்ற ஒன்று நின்றுபோனது. முழுத் தோட்டம் தாங்கிய எதையும் தனித்தனித் துண்டுகளால் தாங்கமுடியவில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் அதைக் கண்டு, தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டி 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாகும் முன்பே தோட்டத்தை முழுதாக வாங்கிவிடவேண்டும் என்பது அவர் கணக்கு. துண்டாகிவிட்ட பிறகு திரும்ப ஒட்டவைப்பது எவ்வளவு கடினம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. காண்டாமிருக விஷயத்தில் அந்த நேரக்கணக்கைத்தான் எல்லோரும் தவறவிட்டார்கள்.

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்வது அநியாயம். பேராக்–சிலாங்கூர் எல்லையாக ஓடும் பெர்ணம் ஆற்றுக்குத் தெற்கே, சுங்கை டூசுன் காட்டை 1964இலேயே இந்த விலங்குக்காக ஒதுக்கினார்கள். 1984இல் சிங்கப்பூரில் கூடிய பன்னாட்டு வல்லுநர்கள், சிலவற்றைப் பிடித்து வளர்த்து இனப்பெருக்கம் செய்விக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள்: எப்படியும் அழியப்போகும் காட்டுத் துண்டுகளில் மாட்டிக்கொண்டவற்றை மட்டுமே பிடிக்கவேண்டும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த நிபந்தனைதான் திட்டத்தைத் தொடக்கத்திலேயே பலவீனமாக்கியது என்பது என் கருத்து. துண்டுக் காட்டில் நெடுநாள் தனித்திருந்த விலங்கு வயதானதாகவோ மலடாகவோ இருக்கும் வாய்ப்பே அதிகம். அப்படிப் பிடித்தவற்றையாவது ஓரிடத்தில் சேர்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. 1984க்கும் 1990களின் நடுப்பகுதிக்கும் இடையில் பிடிபட்ட ஏறத்தாழ 40 விலங்குகள் மலாக்கா, சுங்கை டூசுன், சபா, ஜகார்த்தா, பாங்காக், இங்கிலாந்து, அமெரிக்கா என்று ஒன்றிரண்டாகப் பிரிந்து போயின. காட்டில் இருந்த தனிமையையே கூண்டுக்கும் கொண்டுபோனோம். 1987இல் மலாக்கா விலங்குக்காட்சி சாலையில் மீனா என்ற பெண் குட்டி பிறந்தது. அதன் தாய் பிடிபடும்போதே சினையாக இருந்தது. அதைத் தவிர அந்தக் காலத்தில் குட்டி எதுவும் பிறக்கவில்லை. பாதி விலங்குகள் 1990களின் இறுதிக்குள் இறந்துவிட்டன. சுங்கை டூசுனில் எஞ்சியிருந்த ஐந்தும் 2003இன் பிற்பகுதியில் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து மடிந்தன. பாக்டீரியத் தொற்றும், கால்நடைகளிலிருந்து ஈக்கள் வழியாகப் பரவும் ஒட்டுண்ணியும் காரணமாகச் சந்தேகிக்கப்பட்டன.

சுங்கை டூசுனைச் சுட்டிக்காட்டி, பிடித்து அடைத்ததுதான் அவற்றைக் கொன்றது, காட்டிலேயே விட்டிருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த ஐந்து சாவுகளும் மன்னிக்கமுடியாத இழப்பு என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அதே காலத்தில் காட்டிலேயே விடப்பட்டவை என்ன ஆயின என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். தாமான் நெகாராவிலும் பெலுமிலும் எவரும் தொடாமல் விட்ட விலங்குகள் அத்தனையும் போய்விட்டன. அவற்றின் சாவை எண்ணுவதற்குக்கூட ஆள் இல்லை. பிடிபட்டவற்றில் சிலவற்றிலிருந்து பிறகு அறிவு பிறந்தது, அந்த அறிவிலிருந்து குட்டிகளும் பிறந்தன. அமெரிக்காவுக்குப் போன ஏழில் நான்கு இறந்தபின் எஞ்சிய மூன்றை சின்சினாட்டி விலங்குக்காட்சி சாலையில் ஒன்றுசேர்த்தார்கள். காய்ந்த புல் இந்த விலங்குக்கு ஆகாது, அத்தி இனத்து மரங்களின் தழையே வேண்டும் என்பது அதற்குள் தெரிந்திருந்தது. ஆணோடு சேர்ந்தால்தான் கருமுட்டை வெளிப்படும் என்பதை டெரி ரோத் தலைமையிலான குழு அங்கேதான் கண்டறிந்தது. எமி என்ற பெண்ணுக்கு ஐந்து முறை கரு கலைந்தது. ஆறாம் முறை ஹார்மோன் மருந்தின் துணையோடு 2001 செப்டம்பரில் அண்டாலாஸ் என்ற ஆண் குட்டி பிறந்தது. மனிதர் பராமரிப்பில் கருவுற்று இந்த இனம் ஈன்றது 112 ஆண்டுகளுக்குப் பிறகு அதுவே முதல் முறை. அண்டாலாஸ் 2007இல் சுமத்திராவின் வாய் கம்பாஸ் காப்பகத்துக்குப் போனான். அங்கே 2012இல் அவன் தந்தையானான். 2016இல் ஒன்று, 2022இல் ஒன்று, 2023இல் இரண்டு என்று அந்தக் காப்பகத்தில் இதுவரை ஐந்து குட்டிகள் பிறந்திருக்கின்றன. முதல் தலைமுறையில் பிறந்த பெண் வளர்ந்து, தானும் தாயாகிவிட்டது. சேர்த்துவைத்த இடத்தில் பிறப்பு நடந்தது, பிரித்துவைத்த இடத்தில் நடக்கவில்லை. கூண்டா காடா என்பதைவிட இதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இன்னும் வலுவான மறுப்பு இந்தியாவிலிருந்து வருகிறது. அசாமின் காசிரங்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்த இந்திய ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகம், 2022 கணக்கெடுப்பில் 2,613 ஆகப் பெருகியிருந்தது. அதற்கு ஆய்வகமும் தேவைப்படவில்லை, ஹார்மோனும் தேவைப்படவில்லை. காட்டைக் காத்து, துப்பாக்கியோடு காவலர்களை நிறுத்தியதே போதுமானதாக இருந்தது. அப்படியானால் இங்கே மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல் என்று கேட்பது நியாயம்தான். காசிரங்கா பிரம்மபுத்திராவின் வெள்ளச் சமவெளி. உயர்ந்த புல்வெளியும் நீர்நிலைகளும் நிறைந்த அந்தச் சிறிய பரப்பில் விலங்குகள் நெருக்கமாக மேய்கின்றன, ஒன்றையொன்று எளிதில் சந்திக்கின்றன. எனவே வேட்டையை நிறுத்தியதும் பிறப்பு தானாகவே எண்ணிக்கையைக் கூட்டியது. மலாயாவின் மழைக்காடு அப்படிப்பட்டதல்ல. மலையும் ஆறும் அடர்ந்த புதரும் இடைமறிக்கும் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரில் ஒன்றிரண்டு விலங்குகள் உலாவும்போது, காவல் என்னதான் கடுமையாக இருந்தாலும் அவை சந்திக்கப்போவதில்லை. இருப்பதைக் காப்பது காவலின் வேலை. புதிதாகப் பிறக்கவேண்டும் என்றால் சுமத்திரா வகைக்குக் காவலோடு வேறொன்றும் செய்தாகவேண்டும். காசிரங்காவின் வெற்றியை அப்படியே இங்கே பொருத்திப் பார்த்ததால் எத்தனை ஆண்டுகள் வீணாயின என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது.

தாமதத்தின் விலையை சபா கடைசியாக ஒருமுறை காட்டியது. 2008இல் செம்பனைத் தோட்டத்துக்குள் வந்த தாம் என்ற ஆண், 2011இல் பிடிபட்ட புந்துங் என்ற பெண், 2014இல் பிடிபட்ட இமான் ஆகிய மூன்றும் தாபின் காப்பகத்தில் வளர்க்கப்பட்டன. புந்துங்குக்கு வேடர் வைத்த சுருக்குக் கண்ணியில் ஒரு பாதம் போயிருந்தது. இரு பெண்களுக்கும் கருப்பை நோய் முற்றியிருந்ததால் இயற்கையாகக் குட்டி பெறும் வழி அடைபட்டிருந்தது. ஆனால் கருமுட்டை எடுக்க முடிந்தது. இந்தோனேசியாவின் ஆண் விலங்குகளோடும் ஆரோக்கியமான பெண் விலங்குகளோடும் சேர்த்து வேலை செய்திருந்தால் ஒரு வாய்ப்பு இருந்தது. அதற்கான பேச்சு இரண்டு நாடுகளுக்கும் இடையில் ஆண்டுக்கணக்கில் நீண்டது. புந்துங் 2017 ஜூனில் போனது, தாம் 2019 மே மாதம் போனது, அதே ஆண்டு நவம்பரில் இமானும் போனது. கூட்டு முயற்சியில் ஒரு கரு கூட உருவாகவில்லை. தாமின் தோல் அணுக்களிலிருந்து பெர்லின் ஆய்வாளர்கள் குருத்தணுக்களை உருவாக்கி 2022இல் அறிவித்தார்கள். இனி அவசரமில்லை, அறிவியல் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் இதை வைத்து ஆறுதல் கொள்கிறார்கள். அந்த அணுக்களிலிருந்து நாளை கரு உண்டானாலும், அதைச் சுமக்க உயிருள்ள, நோயற்ற ஒரு பெண் காண்டாமிருகத்தின் வயிறு வேண்டும். பிறந்த குட்டிக்கு இந்தத் தழை, இந்தச் சேறு, இந்த உப்புநிலம் என்று காட்டித்தர ஒரு தாய் வேண்டும். எஞ்சியுள்ள சிறு கூட்டத்துக்குப் புது ரத்தம் சேர்க்கும் அளவில் மலேசியாவில் காக்கப்படும் அணுக்கள் பெரும் சொத்து. உயிருள்ள கூட்டம் இல்லாமற்போனால் அவை உறைபெட்டியிலேயே கிடக்கும்.

செலவைப் பற்றிய கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்களுக்கே இன்னும் வீடு முழுதாகக் கிடைக்காத மாநிலத்தில் காட்டு விலங்குக்கு ஏன் இவ்வளவு பணம் என்று ஒருவர் கேட்டால், அவர் கல்நெஞ்சர் என்று ஆகிவிடாது. ஆனால் காட்டுக்கான பணம் வீட்டுக்கான பணத்தைப் பறிப்பதில்லை. பேராக் ஆறு பெலும்–தெமெங்கோர் காட்டில் நீர் பிடித்துத்தான் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டரோ அணைகளுக்கு வருகிறது. அந்த ஆற்றின் கரைகளில்தான் மாநிலத்தின் பல ஊர்கள் இருக்கின்றன. காண்டாமிருகத்துக்கோ புலிக்கோ என்று நிறுத்தும் காவல், அந்த நீர்ப்பிடிப்புக் காட்டையும் மரக்கடத்தலிலிருந்து காக்கிறது. அந்தக் காவலில் ஊதியம் பெறுபவர்களில் முன்னாள் ராணுவ வீரர்களும், காட்டை நன்கறிந்த ஒராங் அஸ்லி மக்களும் இருக்கிறார்கள். காட்டைப் பாதுகாத்தால் ஏழைகளுக்கு நட்டம் என்ற எண்ணம் பேராக் ஆற்றைப் பொறுத்தவரை பொருந்தவே பொருந்தாது.

இந்தோனேசியா இப்போது செய்யவேண்டியது என்ன என்பதில் துறை வல்லுநர்களிடையே பெரிய குழப்பம் இல்லை. சுமத்திராவின் காடுகளில் தனித்துச் சிக்கியிருப்பவற்றைத் தேடிப் பிடித்து வாய் கம்பாஸ் போன்ற இடங்களில் சேர்க்கவேண்டும். பெரிய கூட்டமாக இருக்கும் இடத்தைக் கண்ணும் கருத்துமாகக் காக்கவேண்டும். காட்டில் ஓர் ஆணைக்கூடக் காணாமல் ஆண்டுகளைக் கழிக்கும் பெண்ணை அப்படியே விட்டுவைப்பது இயற்கையை மதிப்பதாகச் சிலருக்குப் படலாம். அவளுடைய கருப்பைக்கு அந்த மரியாதையால் எந்தப் பயனும் இல்லை. மலேசியாவுக்கும் இதில் பங்கு உண்டு. தீபகற்பத்தில் வாழ்ந்ததும் சுமத்திராவில் வாழ்வதும் ஒரே துணையினம் என்றே வகைப்படுத்தப்படுகின்றன. சபாவில் இருந்தது வேறு துணையினம். ஆகவே வாய் கம்பாஸில் கூட்டம் பெருகுமானால், அதில் சிலவற்றை என்றாவது வரவேற்கத் தகுந்த இடம் பெலும். அங்கே காடு இருக்கிறது, உப்புநிலங்கள் இருக்கின்றன. ஆனால் கம்பிக் கண்ணிகளும் இருக்கின்றன. கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை அந்தக் காட்டைப் பிளந்து போட்ட வழியில்தான் வேடர்களும் இறங்குகிறார்கள். 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 15 ஆண்டு வரை சிறையும் பத்து லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. மைக்கில் சொல்லும்போது அது கடுமையாக ஒலிக்கும். அடையாளமே இல்லாமல் புதரில் கிடக்கும் கம்பியின் மீது அந்தச் சட்டத்தைப் பாய்ச்சமுடியாது. ஆள் நடந்துபோய்க் கண்ணியை அறுத்து எடுக்கத்தான் வேண்டும்.

இதே கணக்கை இன்று பேராக்கில் உயிரோடிருக்கும் விலங்குகளுக்கும் போட்டுப் பார்க்கவேண்டியிருக்கிறது. தீபகற்பம் முழுவதற்கும் சேர்த்து மலாயாப் புலி 150க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. செலாடாங் என்னும் காட்டெருமையைச் சுங்காய் வனவிலங்குப் பாதுகாப்பு மையத்தில் வளர்க்கிறார்கள் என்றால், காட்டில் அதன் நிலை அவ்வளவு மோசமாகிவிட்டது என்று பொருள். ஆண்டுதோறும் இவை எத்தனை இருக்கின்றன என்ற எண் செய்தித்தாளில் வருகிறது, நாமும் படித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்புகிறோம். காண்டாமிருகத்தைப் பற்றியும் 1980களிலும் 1990களிலும் அப்படித்தான் எண்கள் வந்துகொண்டிருந்தன. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடமும் மாநிலப் பூங்காக் கழகத்திடமும் பேராக் மக்கள் கேட்கவேண்டியது வேறொரு எண். கடந்த மூன்று ஆண்டில் பெலும்–தெமெங்கோரில் குட்டியோடு படம்பிடிக்கப்பட்ட பெண் புலிகள் எத்தனை, காட்டில் கன்றோடு தென்பட்ட செலாடாங் எத்தனை, அவை இருக்கும் இடங்களுக்கு இடையே ஒன்று மற்றொன்றைத் தேடி நடந்துபோகும்படி காடு தொடர்கிறதா. இந்த விவரங்களை மாநிலச் சட்டமன்றத்தில் ஆண்டுக்கு ஒருமுறை வைக்கும்படி நம் உறுப்பினர்களை நாம் வற்புறுத்தலாம்.